கணக்கறிவும் களத்தின் விதியும்

சூது கணக்கறியாதவனைக் கெடுக்கும். கணக்கறிந்தவனை உயர்த்தும் என்பதோர் எண்ணம் படித்த இளைஞரிடையேயும் நிலவுகின்றது. பந்தயம் மலையகத்துக்குப் புதியதன்று. நுவரெலியாவிற் சித்திரை மாதக் குதிரைப் பந்தயம் நெடுங்காலமாகப் பேர்பெற்றது. கசினோ எனப்படும் சூதாட்ட மண்டபங்களோ கொழும்பில் உள்ளன. தொழில் நாடித் தோட்டத்தை விட்டுத் தலைநகர் செல்லும் நம் இளைஞர், அங்கு ஆடப்படும் ‘பிளாக்ஜாக்’ என்னும் சீட்டாட்டத்தைக் கணிதத்தால் வெல்லலாம் எனக் கேட்டு மயங்குதல் கூடும். அக்கூற்றில் உண்மை உண்டு. ஆயின் அது பாதி உண்மையே. மறுபாதியை ஈண்டு ஆராய்வோம்.

பிளாக்ஜாக் என்பது, 21 என்னும் தொகையை மிஞ்சாது, அதற்கு இயன்றவரை அணித்தாகச் சீட்டுகளைச் சேர்த்து, மண்டபத்தின் சார்பிற் சீட்டிடுபவரை வெல்ல முயலும் ஆட்டமாகும். படச் சீட்டுக்கு மதிப்பு 10; ஆசுக்கு 1 அல்லது 11. 1956-ஆம் ஆண்டில் அமெரிக்கர் நால்வர் இவ்வாட்டத்தைச் சிறப்பாக ஆடும் முறையைக் கணித்து வெளியிட்டனர். 1962-இல் எட்வர்ட் தோர்ப் என்னும் கணிதப் பேராசிரியர், வெளிவந்த சீட்டுகளைக் கணக்கிற் கொள்பவன் மண்டபத்தையே மிஞ்சலாம் என்பதை நூலொன்றில் நிறுவினார்.

இது எங்ஙனம் இயலும்? பகடையில் ஓர் எறிவுக்கும் அடுத்த எறிவுக்கும் தொடர்பில்லை. சீட்டிலோ, வெளிவந்த சீட்டு கட்டைக் கலைக்கும்வரை மீள்வதில்லை. நம்மிடையே 304 ஆடுவோர் இதனை நன்கறிவர். எந்தச் சீட்டு விழுந்தது, எது எஞ்சியது என்பதை நினைவிற் கொள்பவரே அங்கு வல்லவர். பிளாக்ஜாக்கில் ஆசும் பத்து மதிப்புச் சீட்டுகளும் மிகுதியாக எஞ்சியிருப்பின் ஆடுபவனுக்கு நன்மை. சிறு சீட்டுகள் மிகுந்திருப்பின் மண்டபத்துக்கு நன்மை. ஆகவே 2 முதல் 6 வரையுள்ள சீட்டு விழுந்தால் ஒன்றைக் கூட்டுவர். ஆசோ பத்து மதிப்புச் சீட்டோ விழுந்தால் ஒன்றைக் கழிப்பர். 7, 8, 9 ஆகியவற்றை விட்டுவிடுவர். வரும் தொகையை எஞ்சிய கட்டுகளின் எண்ணிக்கையால் வகுப்பர். தொகை 6 ஆக, மூன்று கட்டுகள் எஞ்சினால் ஈவு 2. ஒரு கட்டே எஞ்சினால் 6. ஈவு உயரும்போது பணயத்தை உயர்த்துவதும், தாழும்போது குறைப்பதுமே இவ்வித்தையின் சாரம்.

இனி மறுபாதிக்கு வருவோம். தோட்டத்தில் ஒருவருக்கு முழுப்பேரா அரைப்பேரா என்பதைக் கொழுந்து பறிக்கும் கையின் வேகம் மட்டும் முடிவு செய்வதில்லை. ஒரு பேருக்கு எத்தனை கிலோ, ஈரத்துக்கும் சாக்குக்கும் எவ்வளவு கழிவு, தராசு எவர் கையில் என்பனவும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. சூதாட்ட மேசையும் அத்தகையதே.

முதலாவது, வெற்றிக்கு ஈயும் விகிதம். ஆசும் பத்து மதிப்புச் சீட்டும் முதலிலேயே சேர்ந்தால், 100 ரூபாய்ப் பணயத்துக்கு 150 கொடுப்பது பழைய வழக்கம். 120 மட்டுமே கொடுக்கும் மேசைகளும் உள. இம்மாற்றம் ஒன்றே மண்டபத்தின் மேன்மையை நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை அளவு உயர்த்திவிடுகின்றது. பிழையின்றி எண்ணுபவன் பெறக்கூடிய மேன்மையோ பொதுவாக நூற்றுக்கு ஒன்றளவே. இரண்டாவது, சீட்டுக் கட்டு வெட்டப்படும் இடம். ஆறு கட்டுகளில் 312 சீட்டுகள் உள. கடைசி ஒரு கட்டளவே ஒதுக்கப்படின் எண்ணுபவனுக்குப் பயன் உண்டு. பாதியை ஒதுக்கிவிட்டால், கணக்குப் பயன்தரத் தொடங்கும் வேளையிற் சீட்டு கலைக்கப்பட்டுவிடும். ஓயாது கலைக்கும் பொறி வைத்த மேசையில் எண்ணுவதாற் பயனே இல்லை. மூன்றாவது, பணயத்தின் கீழெல்லையும் மேலெல்லையும். அவை நெருங்கி இருப்பின், நல்ல வேளையிலும் பணயத்தைப் போதிய அளவு உயர்த்த இயலாது.

இந்நிபந்தனைகளை வகுப்பதும் மாற்றுவதும் மண்டபத்தாரே. தோர்ப்பின் நூல் வெளிவந்தபின், 1964-இல் லாஸ் வேகாஸ் மண்டபங்கள் ஆட்டவிதிகளைக் கடுமையாக்கின. ஆடுவோர் குறையவே விரைவிற் பழைய விதிகளுக்கு மீண்டன. திறமை காரணமாக ஒருவரை மண்டபங்கள் தாமே விலக்கல் ஆகாதென 1982-இல் நியூ ஜெர்சி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மண்டபங்களோ கட்டுகளைப் பெருக்கியும், வேண்டியபோது கலைத்தும் அத்தீர்ப்பின் பயனைக் குறைத்தன. ஆளை விலக்க இயலாதபோது நிபந்தனையை மாற்றினர் என்க.

நம் நாட்டுக் கணக்கையும் நோக்குவோம். கசினோவிற் புகும் இலங்கைக் குடிமகனுக்குரிய நுழைவு வரி 2025-இல் 50 டாலரிலிருந்து 100 டாலராக உயர்த்தப்பட்டது. நூற்றுக்கு ஒன்று மேன்மை உடையவனும் இந்த 100 டாலரை மீட்பதற்கே மொத்தம் 10,000 டாலர் அளவுக்குப் பணயம் வைத்தாடல் வேண்டும். அதுவும் சராசரிக் கணக்கே. ஓரிரவில் அதனினும் பன்மடங்கு இழத்தல் இயல்பு. டாலர் ஒன்று ஏறத்தாழ 300 ரூபாயாயின், அந்நுழைவு வரி 30,000 ரூபாய் ஆகும். 2024-இல் விதிக்கப்பட்ட 1,350 ரூபாய் நாட்கூலியில் இது 22 நாள் உழைப்பாகும்.

நளன் கதையை ஈண்டு நினைத்தல் தகும். தான்றி மரத்தின் இலையையும் காயையும் நோக்கிய அளவில் எண்ணிக் கூறிய இருதுபன்னனிடம், தேர்ப்பாகனாயிருந்த நளன் சூதின் நுட்பத்தைக் கற்றான். புட்கரனை வென்று நாட்டை மீட்டான். கணக்கறிவு வென்றதென்பது மெய்யே. ஆயின் அவன் இரு தரப்பும் இசைந்த ஒரே பணயத்தில் ஆடினான்; ஆட்டத்தின் நடுவே விதியை மாற்றும் உரிமை எதிரிக்கு இல்லை; வென்றபின் ஆட்டத்தை நிறுத்தினான். இம்மூன்றும் மண்டபத்து மேசையில் வாய்ப்பதரிது.

தோட்டத்துக் கூலியையும் கழிவையும் பற்றி நம் முன்னோர் சங்கம் அமைத்து வாதாடினர். நிபந்தனையை மாற்றவும் செய்தனர். சூதாட்ட மேசையில் ஆடுபவனுக்கு அவ்வுரிமை இல்லை. எழுந்து செல்லும் உரிமை ஒன்றே உண்டு. ஆதலின் கணிதம் பயிலும் மாணவர் சீட்டை எண்ணக் கற்பதிற் குற்றமில்லை; அது நிகழ்தகவுக்கு நல்லதொரு பாடம். ஆயின் சீட்டை எண்ணுமுன் நிபந்தனையை எண்ணுக. அதனைச் செவ்வனே எண்ணியவன் பெரும்பாலும் அம்மேசையில் அமரமாட்டான்.