காய்ச்சலுக்குக் காரணம் போன பிறவியா?

தேவாரம் என்ற ஊரிலிருந்து பண்ணைப்புரம், கோம்பை தாண்டி உத்தமபாளையம் போனால் கருப்பணசாமி பாறையைப் பார்க்கலாம். பாறையின் முகத்தில் சமணத் தீர்த்தங்கரர்களை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். சிலர் அமர்ந்திருக்கிறார்கள், சிலர் கையைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நிற்கிறார்கள். தலைக்கு மேல் பாம்பு படம் விரித்திருந்தால் அவர் பார்சுவநாதர். உருவங்களுக்கு அடியில் செய்வித்தவர்களின் பெயர்கள் வட்டெழுத்தில் உள்ளன. பாண்டிய நாட்டுக் குன்றுகள் பலவற்றில் காணப்படும் அச்சணந்தி என்ற முனிவரின் பெயர் இங்கும் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய வேலை இது.

இந்தப் பாறையில் தவம் இருந்தவர்கள் கர்மத்தைப் பற்றிச் சொன்னதைக் கேட்டால் இன்றைக்கும் வியப்பாக இருக்கும். கர்மம் அவர்களுக்கு ஒரு பொருள். கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகளாக அது உலகம் முழுக்க நிறைந்திருக்கிறது. மனமோ சொல்லோ உடலோ அசையும்போது அந்தத் துகள் உயிரை நோக்கி ஓடி வருகிறது. இதை ‘ஊற்று’ என்றார்கள். கோபம், செருக்கு, வஞ்சகம், பேராசை இருந்தால் ஒட்டிக்கொள்கிறது, அது ‘கட்டு’. எண்ணெய் பூசிய உடம்பில் புழுதி ஒட்டுவதுபோல என்று சமண ஆசிரியர்களே விளக்குவார்கள். புதிதாக வராமல் அடைப்பது ‘செறிப்பு’. ஒட்டியதை நோன்பிருந்து கழற்றுவது ‘உதிர்ப்பு’. துகளிலும் எட்டு வகை வைத்தார்கள்: அறிவை மறைப்பது ஒன்று, ஆயுளை அளப்பது ஒன்று, உடலின் அமைப்பைத் தருவது ஒன்று என்று நீளும். இந்த ஏற்பாட்டில் தீர்ப்புச் சொல்ல ஒரு கடவுள் தேவையே இல்லை. துகள் ஒட்டும், பழுக்கும், உதிரும். அவ்வளவுதான்.

சைவ சித்தாந்தம் இங்கேதான் மறித்து நிற்கிறது. வினை அறிவில்லாத சடம். செய்தவனைத் தானாகத் தேடிப் போய்ச் சேர அதனால் எப்படி முடியும்? அறிவுள்ள இறைவன்தான் பலனை அவரவருக்குச் சேர்ப்பிக்க வேண்டும். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் முறைப்படுத்திய இந்தத் தத்துவத்தில் வினை மூன்று. பல பிறவிகளாகச் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதில் இந்தப் பிறவிக்கென்று எடுத்துத் தரப்பட்டு நாம் அனுபவிப்பது பிராரத்தம். அனுபவிக்கும்போதே விருப்பு வெறுப்பால் புதிதாக ஏறுவது ஆகாமியம். நம் கை ஓங்கும் இடம் இந்த மூன்றாவதுதான்.

பௌத்தம் இன்னொரு திசையில் போனது. எண்ணம்தான் கர்மம் என்றார் புத்தர். அறியாமல் எறும்பை மிதித்தால் பௌத்தருக்கு அது கொலைவினை ஆகாது. சமணரோ அதையும் கணக்கில் எடுத்தார். தரையை மயிற்பீலியால் நீவிவிட்டு அவர் உட்கார்ந்ததும் அதனால்தான். பௌத்த நூலான சம்யுத்த நிகாயத்தில் சீவகர் என்ற நாடோடித் துறவி புத்தரிடம் நேராகவே கேட்கிறார்: மனிதன் அனுபவிக்கும் இன்ப துன்பம் எல்லாமே முன்வினையால் வருவதுதானா? இல்லை என்கிறார் புத்தர். பித்தம், கபம், வாதம், மூன்றும் சேர்ந்த கோளாறு, பருவ மாற்றம், உடம்பைச் சரியாகப் பேணாமை, பிறர் தாக்குதல் என்று ஏழு காரணங்களைச் சொல்லிவிட்டு எட்டாவதாகத்தான் வினையைச் சொல்கிறார். கர்மத்தைப் போதித்தவரே அதற்கு எல்லை கட்டியிருக்கிறார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அப்படியானால் ‘எல்லாம் கர்மா, நம்ம கையில என்ன இருக்கு’ என்று கையை விரிக்கிறோமே, அது யாருடைய கொள்கை? ஆசீவகருடையது. நடப்பதெல்லாம் நியதி, முயற்சியால் ஒன்றும் மாறாது என்றவர்கள் அவர்கள். இதைச் சமணரும் பௌத்தரும் விடாமல் எதிர்த்து வாதாடினார்கள். சமணக் காப்பியமான நீலகேசியில் ஆசீவகரோடு வாதிடுவதற்கென்றே ஒரு சருக்கம் இருக்கிறது. கர்மா என்று பெயர் சொல்லிக்கொண்டு நாம் பிடித்துத் தொங்குவது கர்மக் கொள்கையின் எதிராளிகள் சொன்னதை.

உத்தமபாளையம் இருக்கும் இதே கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில், கூடலூருக்கு மேலே மலையில், மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருநாள், சித்ரா பௌர்ணமியன்று மட்டும் மக்களை மேலே விடுகிறார்கள். அவள் கதையான சிலப்பதிகாரத்தில் அவள் கணவன் கோவலன் கொலையுண்டதற்கு முன்வினைக் கதை உண்டு: முற்பிறவியில் அவன் பரதன், சிங்கபுரத்தில் சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்லவைத்தான், சங்கமன் மனைவி நீலி சபித்தாள். மதுராபதித் தெய்வம் இதைக் கண்ணகியிடம் சொல்கிறது. ஆனால் அதற்கு முன்பே பாண்டியன் தன் தவற்றை ஒப்புக்கொண்டு அரியணையிலேயே உயிரை விட்டுவிட்டான். ஊழ்வினை வந்தே தீரும் என்ற இளங்கோதான் ஆட்சியில் தவறியவனை அறமே கொல்லும் என்றும் சொன்னார். செத்தவனுக்கு முன்வினை இருந்தது என்பதால் கொன்றவன் தப்பவில்லை. நாமோ, ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை அடைத்துக்கொண்டு போகும் ஜீப் மலைச்சாலையில் கவிழும்போது ‘விதி’ என்கிறோம். வண்டியில் எத்தனை பேரை ஏற்றினார்கள், பிரேக்கை யார் பார்த்தார்கள் என்ற கேள்வி அந்த ஒரு சொல்லில் அமுங்கிப்போகிறது. எனக்கு இதில்தான் ஆற்றாமை.

நாம் கிளம்பிய ஊருக்குத் தேவாரம் என்று பெயர். அதே பெயர் கொண்ட நூலில் இந்த வழக்குக்கு ஒரு தீர்ப்பே உண்டு. சம்பந்தர் கொடிமாடச் செங்குன்றூரில், இன்றைய திருச்செங்கோட்டில், அடியார்களோடு தங்கியிருந்தபோது குளிர்காலத்தில் காய்ச்சல் பரவியது என்று பெரியபுராணம் சொல்கிறது. அப்போது அவர் பாடியது திருநீலகண்டப் பதிகம். அந்த வினைக்கு இந்தப் பலன் என்று சொல்கிறீர்கள், சரி. அதற்காகத் தப்பிக்கும் வழி தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறையில்லையா என்று எடுத்த எடுப்பிலேயே கேட்கிறார். வினைக் கொள்கையை அவர் மறுக்கவில்லை. அதைச் சாக்காக வைத்துச் சும்மா இருப்பதைத்தான் கடிந்துகொள்கிறார்.

கம்பம் பள்ளத்தாக்குக்கும் காய்ச்சலுக்கும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை வேலையில் மலேரியாவும் காலராவும் தொழிலாளர்களை வாரிக்கொண்டு போயின. மலேரியா எப்படிப் பரவுகிறது என்று அன்று அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக்குக்கும் தெரியாது, மருத்துவர்களுக்கும் தெரியாது. அணை முடிந்து இரண்டே ஆண்டில், 1897 ஆகஸ்ட் 20 அன்று, செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் ஒரு கொசுவின் வயிற்றை அறுத்துப் பார்த்து மலேரியாக் கிருமியைக் கண்டார். அந்தத் தொழிலாளர்கள் செத்தது போன பிறவியில் செய்ததற்கு என்று யாராவது சமாதானம் சொல்லியிருக்கலாம். கொசு அதைக் கேட்டுக்கொண்டு கடிக்காமல் இருந்திருக்காது.

துக்க வீட்டிலோ மருத்துவமனைக் கட்டிலருகிலோ ‘எல்லாம் கர்மா’ என்று சொல்ல வாய் வந்தால், தயவுசெய்து ஒருமுறை நிறுத்துங்கள். வீட்டில் தேவாரப் புத்தகம் இருந்தால் திருநீலகண்டப் பதிகத்தை எடுத்துப் படியுங்கள். முதல் திருமுறையில் அது 116-ஆவது பதிகம்.