கருவிழியின் உட்படலம்

காலையில் எழுந்ததும் பார்வை மங்கலாயிருக்கிறது. பொழுது ஏற ஏறத் தெளிகிறது. இவ்வாறு கூறும் முதியவர்களை அங்கத்தினர்கள் கண்டிருக்கலாம். புரை என்றே நாமும் எண்ணிவிடுகிறோம். ஆனால் நண்பகலில் தெளியும் மங்கல் புரையின் இயல்பன்று.

கண்ணின் முன்புறம் கண்ணாடிபோல் அமைந்த கருவிழிப் படலம் சுமார் அரை மில்லிமீட்டர் கனமுள்ளது. அதன் உட்புறத்தில் ஒற்றை வரிசையாக உயிரணுக்கள் பரவியுள்ளன. படலத்துள் ஊறும் நீரை இவை ஏற்றம்போல் ஓயாது இறைக்கின்றன. மனிதரிடத்தில் இவ்வணுக்கள் அழிந்தால் மீண்டும் தோன்றுவதில்லை. தொகை மிகக் குறைந்ததும் நீர் தங்கிப் படலம் ஊதுகிறது. இரவில் இமை மூடியிருப்பதால் நீர் ஆவியாவதில்லை. காலை மங்கலின் காரணம் இதுவே. வியன்னா நகரத்து டாக்டர் எர்ன்ஸ்ட் பூக்ஸ் 1910-ல் இந்நோயை விவரித்தார். புரை அறுவைக்குப் பின்னும் சிலருக்கு இவ்வணுக்கள் நலிவதுண்டு.

முழுப் படலத்தையும் மாற்றும் சிகிச்சையில் 1905-லேயே டாக்டர் எடுவர்ட் சிர்ம் வெற்றி கண்டார். சுண்ணாம்பால் வெந்த ஒரு தொழிலாளியின் கண் அது. எனினும் அம்முறையில் தையல் பல. பார்வை நிலைபெற ஓராண்டும் ஆகலாம். அங்கியின் உள்துணி நைந்தால் அங்கியையே எறிவாருண்டோ?

நெதர்லாந்து தேசத்து டாக்டர் கெரிட் மெல்லஸ் 1998 முதல் உட்பகுதியை மட்டும் மாற்றும் வழிகளை வெளியிட்டு, 2006-ல் உட்படலத்தை மட்டுமே பொருத்தும் முறையை அறிவித்தார். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே கனமுள்ள அப்படலம் பாய்போல் தானே சுருண்டுகொள்ளும். நீலச் சாயமிட்டு, சிறு கீறல் வழியே கண்ணுள் செலுத்தி, மெல்லத் தட்டி விரிக்கின்றனர். தலைகீழாக அமைந்தால் பயனில்லை. பின்னர்க் காற்றுக் குமிழியொன்று அதனை மேலே அழுத்திப் பிடிக்கிறது; படலத்துக்குத் தையலே இல்லை. நோயாளி மல்லாந்து படுத்திருக்க வேண்டும். அசட்டை கூடாது! ஓரம் கழன்றால் மறுபடியும் காற்றுச் செலுத்த நேரும். உடல் இப்படலத்தை ஏற்க மறுப்பது முழு மாற்றத்தைவிடக் குறைவு; சொட்டு மருந்து மட்டும் நெடுநாள் தேவைப்படும்.

இத்தனைக்கும் இறந்தவர் கண்ணே ஆதாரம். இளையோர் படலம் இறுகச் சுருள்வதால், இச்சிகிச்சைக்கு முதியோர் படலமே கையாள எளிது என்பது நமக்கு வியப்பளித்த செய்தி. ஜப்பானில் கியோட்டோ மருத்துவர்கள் ஆய்வுக்கூடத்தில் பெருக்கிய அணுக்களை 11 பேர் கண்ணில் செலுத்திய முடிவுகளை 2018-ல் வெளியிட்டனர்.

கண் தானம் செய்யும் வீட்டார் உயிர் பிரிந்த ஆறு மணி நேரத்துக்குள் கண் வங்கிக்குத் தெரிவித்து, இமைகளை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும்.