நடுங்கும் கைபிடியும் மரத்துப்போகும் விரல்களும்

கொக்கிளாயில் வாழும் ஒரு கடற்றொழிலாளியின் கைகள் ஒரு நாளில் எத்தனை தொழில் செய்கின்றன என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போமாக. விடிவதற்கு முன்னர் கரைவலைக் கயிற்றைப் பற்றி இழுப்பவை அந்தக் கைகள். வெயில் ஏறியபின் நிழலில் அமர்ந்து அறுந்த கண்ணிகளைத் தேடித் தேடி வலை பொத்துபவையும் அவையே. மீனை ரெஜிபோம் பெட்டியிலிட்டு, மோட்டார் சைக்கிளின் பின்னே இறுகக் கட்டி, நாயாறு, செம்மலை, அளம்பில் ஆகிய ஊர்களைக் கடந்து முல்லைத்தீவுக்குக் கொண்டு சேர்ப்பவையும் அவையே. முன்னைய இரு தொழில்களிலும் கை உழைப்பதைக் கண்ணாற் காண்கின்றோம். மூன்றாவதில் அது கைபிடியைச் சும்மா பற்றியிருப்பதாகவே தோன்றும். ஆயினும் வண்டியைவிட்டு இறங்கியதும் விரல்கள் மரத்து, உள்ளங்கையில் எறும்பு ஊர்வது போன்ற கூச்சம் நெடுநேரம் நீங்காதிருப்பதைப் பலரும் அறிவர். “ஓடிய களை, சற்றுப் பொறுத்தால் மாறிவிடும்” என்று அதனை ஒதுக்கிவிடுதலே நம்மவர் வழக்கம்.

அது வெறுங் களையன்று. நாள்தோறும் திரும்பத் திரும்ப நேருமாயின், மாறாத நோயாகிவிடக் கூடியது. விரல் நுனியின் உணர்வை இழந்தவன் வலை ஊசியைச் செம்மையாகப் பிடிப்பது எங்ஙனம்? மாணவன் எழுதுகோலைப் பிடிப்பது எங்ஙனம்? 1984ஆம் ஆண்டின் இறுதியில் ஊரைவிட்டுப் பெயர்ந்து, 2009இல் போர் முடிந்தபின் மீண்டுவந்து, தம் கைகளையே முதலாகக் கொண்டு வாழ்வைத் தொடங்கிய மக்களுக்கு இக்கேள்வி சிறியதன்று.

நோயின் வரலாறு

அதிரும் கருவிகளைக் கையாள்வோரின் விரல்கள் கெடுகின்றன என்பதை மருத்துவ உலகம் நூறாண்டுகளுக்கு முன்னரே கண்டுகொண்டது. இத்தாலிய மருத்துவர் லொறிகா 1911இல் இதனைப் பற்றி எழுதினார். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துச் சுண்ணாம்புக்கல் தொழிலாளர், காற்றழுத்த உளிகளைப் பயன்படுத்தியதால் விரல்கள் வெளிறி மரத்துப்போனதை அலிஸ் ஹமில்ற்றன் என்னும் பெண் மருத்துவர் 1918இல் ஆராய்ந்து வெளியிட்டார். குளிர்நாடுகளில் விரல் வெளிறுதலே இந்நோயின் முதன்மையான அடையாளம். நம் நாடு போன்ற வெப்ப நாடுகளில் அது அரிது. மரத்தலும் கூச்சமும் பிடிவலிமை குன்றலுமே பெரும்பாலும் தோன்றும். ஆதலாற்றான் நாம் அதனை நோயென்று எளிதில் உணர்வதில்லை.

மோட்டார் சைக்கிளுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஜப்பானில் மோட்டார் சைக்கிளில் நாள் முழுதும் தபால் விநியோகித்த ஊழியரிடையே இதே கோளாறு காணப்பட்டது. வெவ்வேறு வகை வீதிகளில் ஓடும்போது கைபிடி எவ்வளவு அதிர்கின்றதென அந்நாட்டு ஆய்வாளர் அளந்து, 1986இல் முடிவுகளை வெளியிட்டனர். அந்நாட்டுத் தபால் சேவைக்கென்றே ஹொண்டா நிறுவனம் அமைத்த வண்டிதான், பின்னர் பழைய வண்டியாக நம் நாட்டுக்கு வந்து வடபுலத்து வீதிகளில் பெயர்பெற்ற ‘எம்.டி. 90’ என்பதை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும்.

எவ்வளவு அதிர்வு கைக்குத் தகும்? ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் இயற்றிய விதி இதற்கு ஓர் அளவு கூறுகின்றது. எட்டு மணி நேர வேலைக்குக் கணித்த அதிர்வின் முடுக்கம் 2.5 அலகை (ஒரு விநாடி வர்க்கத்துக்கு இத்தனை மீற்றர் என்னும் அலகு) எட்டினால் அதனைக் குறைக்க நடவடிக்கை எடுத்தல் வேண்டும். 5 அலகை எக்காரணத்தாலும் தாண்டலாகாது. இக்கணக்கில் ஓர் அரிய நுட்பம் உண்டு. அதிர்வு இருமடங்கானால், கை தாங்கத்தக்க நேரம் பாதியாவதில்லை, நாலிலொன்றாகச் சுருங்கிவிடும். மறுதலையாக, அதிர்வைப் பாதியாகக் குறைப்போமாயின் அதே கை நான்கு மடங்கு நேரம் தாங்கும். சிறு திருத்தங்களும் பெரும் பயன் தருவது இதனாலேயே.

இயந்திரம் ஏன் அதிர்கின்றது?

நம் ஊர்களில் ஓடும் வண்டிகளுட் பெரும்பாலானவை ஒற்றைச் சிலிண்டர் இயந்திரம் உடையவை. அச்சிலிண்டருள் பிஸ்டன் மேலுங் கீழுமாக ஓடித் திரும்புகின்றது. பலரும் அறிந்த நூறு சி.சி. வண்டியொன்றில் அதன் ஓட்டம் 49.5 மில்லிமீற்றர். இயந்திரம் நிமிடத்துக்கு 6000 முறை சுழலும்போது, பிஸ்டன் விநாடிக்கு 100 முறை போய்வருகின்றது. ஒவ்வொரு முறையும் நின்று திரும்புகையில் அதன் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு! பிஸ்டனின் எடை 100 கிராம் என்று கொண்டால், 100 கிலோ மூட்டையொன்றின் எடைக்கு நிகரான விசை விநாடிக்கு 100 முறை மேலுங் கீழும் மாறிமாறித் தாக்குகின்றது. எதிரெடைகளை வைத்து அதில் ஒரு பகுதியைச் சமன் செய்யலாமேயன்றி முழுவதையும் அகற்ற இயலாது. எஞ்சியது சட்டம் வழியே கைபிடிக்கு வந்து சேர்கின்றது.

இதனை வெல்வதற்குத் தமிழ் மண்ணிலேயே நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. 1955இல் சென்னையில் தோன்றிய என்பீல்ட் இந்தியா நிறுவனம், திருவொற்றியூர்த் தொழிற்சாலையிற் செய்து வெளியிட்ட ‘புல்லட்’ வண்டி உறுதிக்குப் பெயர்போனது. நடுக்கத்துக்கும் அவ்வாறே பெயர்போனது. பல்லாண்டுகளின் பின்னர், 2020 நவம்பரில் வெளிவந்த ‘மீற்றியோர் 350’ வண்டியின் புதிய இயந்திரத்திற் சமனித் தண்டு ஒன்று சேர்க்கப்பட்டது. எடை கட்டிய அத்தண்டு இயந்திரத்தின் வேகத்திலேயே எதிர்த்திசையிற் சுழன்று, பிஸ்டனின் உதைப்பைப் பெரிதும் தணிக்கின்றது. 2023இல் அவ்வியந்திரம் புல்லட்டுக்கும் வந்தது.

எனினும் புதிய வண்டி வாங்குதல் எல்லோர்க்கும் கைகூடுவதன்று. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இன் தொடக்கத்திலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அவ்வாண்டுகளிற் பழைய வண்டியைப் பேணி ஓட்டுதலே பலர்க்கும் ஒரே வழியாயிற்று. ஆகவே கையிலுள்ள வண்டியை எவ்வாறு திருத்துவது என்பதே நமக்கு வேண்டிய கல்வி.

முதலில் நோய்நாடுக

கைபிடி நடுங்கினால் உடனே கடைக்கு ஓடித் தடித்த றப்பர்ப் பிடி வாங்கி மாட்டுவோர் பலர். காய்ச்சலின் காரணம் அறியாமல் நெற்றிக்குப் பற்றுப் போடுவதை ஒத்தது அது. நடுக்கத்தின் பிறப்பிடத்தை அறிய நான்கு சோதனைகள் போதும்.

ஒன்று: வண்டியை நடு ஸ்ராண்டில் நிறுத்தி, கியர் போடாமல், அக்சிலேற்றரை மெல்லத் திருகுக. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் கைபிடி நடுங்கிப் பின்புறக் கண்ணாடியில் உருவம் கலங்குமாயின் காரணம் இயந்திரமே. தண்டின் இயல்பான அதிர்வும் இயந்திரத்தின் அதிர்வும் அவ்விடத்தில் ஒன்றுபடுகின்றன. பௌதிகம் கற்கும் மாணவர் இதனைப் பரிவு என்பர்.

இரண்டு: சனநடமாட்டமற்ற நேர்வீதியில் ஓடும்போது கிளச்சைப் பிடித்து அக்சிலேற்றரை விடுக. நடுக்கம் நின்றுவிட்டால் இயந்திரமோ செயினோ காரணம். நில்லாது, வண்டி மெதுவாக ஆக அதுவும் மெதுவானால் சில்லையே ஐயுறல் வேண்டும்.

மூன்று: பிறேக் பிடிக்கையில் மட்டும் நடுங்குமாயின் பிறேக் ட்ரம் அல்லது டிஸ்க் கோணியிருத்தல் கூடும்.

நான்கு: முன்சில்லை நிலத்திலிருந்து உயர்த்தி, போர்க்கை முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க. ஆட்டம் இருந்தாலோ, கைபிடியைத் திருப்புகையிற் கரகரத்தாலோ, கழுத்திலுள்ள கோன் செற் தேய்ந்துள்ளது. உப்புக் காற்று வீசும் கடற்கரை ஊர்களில் இப்பாகம் துருவேறுவது இயல்பு. இக்குறை நடுக்கத்தோடு நில்லாது, வண்டியின் கட்டுப்பாட்டையே குலைக்கும்.

பின்னர் மருந்து

காரணம் தெரிந்தபின் திருத்தங்கள் பெரும்பாலும் செலவு குறைந்தவையே. இயந்திரத்தைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளை முதலில் இறுக்குதல் வேண்டும். ஒன்று தளர்ந்தாலும் வண்டி முழுதும் நடுங்கும். கைபிடித் தண்டைத் தாங்கும் றப்பர்கள் கல்லாய் இறுகியிருந்தால் மாற்றுக. செயினின் தளர்ச்சியைத் தயாரிப்பாளர் கூறிய அளவில் வைக்க. சில்லின் கம்பிகளை ஒரு சிறு சாவியால் தட்டிப் பார்த்தால், தளர்ந்த கம்பி மந்தமாக ஒலித்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

ரயரின் காற்றைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. மிகையாக அடித்த காற்று ரயரைக் கட்டையாக்கிச் சிறு கல்லையும் கைக்கு உணர்த்தும். குறைந்த காற்றோ வண்டியைத் தள்ளாட வைக்கும். தனியே ஓடுவதற்கு ஓரளவும், பெட்டியும் சுமையும் ஏற்றுவதற்கு வேறோரளவும் உண்டு. காலை வெறுமையாகச் சென்று சுமையோடு திரும்புவோர் இதனை மறத்தலாகாது.

கைபிடித் தண்டின் இரு முனைகளிலும் உலோக எடைகள் பொருத்தப்படுவதைக் கண்டிருப்பீர்கள். அவை அழகுக்கல்ல. வலையின் அடிக்கயிற்றில் ஈயம் கோப்பவர்க்கு அதன் நுட்பத்தை விளக்கவேண்டியதில்லை. எடை கூடிய முனை எளிதில் அசையாது. பரிவு நேரும் வேகமும் தாழ்ந்துவிடும். அந்த எடைகளைக் கழற்றி எறிவோர் தம் விரலுக்கே தீங்கு தேடுகின்றனர். ஆனால் எடை கூட்டினால் நடுக்கம் மறையாது, வேறொரு வேகத்துக்கு இடம்பெயரும் என்பதையும் அறிக. நாம் அதிகம் ஓடும் வேகத்துக்கு அப்பால் அது செல்லுமாயின் போதுமானது.

வீதியின் பங்கு

கிறவல் வீதியில் அலையலையாகத் தோன்றும் வரிகளை நாம் அறிவோம். மணல் நிரம்பிய வட்டப் பாதையிற் சில்லை உருட்டி ஆராய்ந்த அறிஞர் 2007இல் வெளியிட்ட முடிவின்படி, ஒரு குறித்த வேகத்தைக் கடந்து ஓடும் எந்தச் சில்லும் அவ்வரிகளை உண்டாக்கும். அவ்வெல்லை மிகக் குறைவாகையால், வாகனம் ஓடும் கிறவல் வீதியில் அவை தோன்றியே தீரும். வரிகளுக்கு இடையே 60 சென்ரிமீற்றர் இருந்து, வண்டி மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால், கை விநாடிக்கு ஏறத்தாழ 17 முறை குலுக்கப்படும். விநாடிக்கு 8 முதல் 16 வரையான குலுக்கமே கைக்கு மிகவும் தீங்கானதென அனைத்துலக அளவுமுறை மதிப்பிடுகின்றது; நாம் அதன் வாயிலிலேயே நிற்கின்றோம். வேகத்தைக் கூட்டினால் குலுக்கம் தெரியாது என்பார் உளர். அப்போது சில்லு நிலத்தைத் தொடாமற் பறக்கின்றது; பிறேக்கும் திருப்பமும் பயன்படா. வேகத்தைத் தணித்து, வரி குறைந்த ஓரத்தைத் தேர்ந்து செல்வதே அறிவுடைமை.

இறுதியாகக் கையைப் பற்றி ஒரு சொல். கைபிடியை எவ்வளவு இறுகப் பற்றுகின்றோமோ அவ்வளவு அதிர்வு கைக்குள் ஏறும். முழங்கையைச் சற்றே மடக்கி, உடலைக் காலாலும் இருக்கையாலும் தாங்கி, கைபிடியைத் தளர்வாகப் பற்றுதல் நன்று. மிகத் தடித்த பிடி இறுகப் பற்றவே தூண்டும். கையுறை காயத்தைத் தடுக்கும்; ஆனால் வீதியின் மெதுவான குலுக்கத்தை அது தடுக்காது. நெடுவழியில் இடையிடையே இறங்கி விரல்களை நீட்டி மடக்குக. இரவில் விரல் மரத்து உறக்கம் கலைந்தாலோ, பொத்தான் பூட்டத் தடுமாறினாலோ, காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுக.

வண்டியின் பாகங்கள் தேய்ந்தால் கடையில் வாங்கி மாற்றலாம். நரம்பு தேய்ந்த விரலை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. வீட்டில் ஒருவர் நாள்தோறும் வண்டியோட்டுபவராயின், இன்று மாலையே அவர் வண்டியின் போல்ட்டுகளையும் ரயரையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஓர் அரைமணி நேர வேலைதான்.