மூடியைப் பார்த்து வாங்குங்கள்

திருவான்மியூர்க் கடற்கரையில் சாயங்காலம் சோளம் சுடுகிறவரின் அடுப்பில் அதிகம் ஒன்றுமில்லை. இரும்புச் சட்டி, அதில் கொஞ்சம் கரி, மேலே கம்பி வலை, கையில் விசிறி. சில வண்டிகளில் விசிறிக்குப் பதிலாகக் கையால் சுற்றும் ஊதி இருக்கும். ஆள் வந்து நின்றதும் அவர் கரியை அள்ளிப் போடுவதில்லை, விசிறுகிறார். மங்கிக் கிடந்த கங்கு சட்டென்று சிவக்கிறது. ஆள் போனதும் விசிறியைக் கீழே வைக்கிறார், கங்கு அடங்குகிறது. சக்கரமும் வெப்பமானியும் பொருத்தி ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கும் கரி கிரில்களும் ஸ்மோக்கர்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. கரிக்கு எவ்வளவு காற்று போக வேண்டும் என்று அவை முடிவு செய்கின்றன. வாங்கப் போகிறவர் பளபளப்பை விட்டுவிட்டு, இந்த வேலையை அந்தச் சாமான் எவ்வளவு ஒழுங்காகச் செய்கிறது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

கேஸ் அடுப்பில் குமிழைத் திருகினால் எரிபொருள் கூடும், குறையும். கரி அடுப்பில் அந்த வசதி கிடையாது. எரிய வேண்டியது முழுக்க முன்கூட்டியே உள்ளே கிடக்கிறது. நம் கையில் இருப்பது காற்று மட்டும். அதைக் கொஞ்சம் கூட்டினாலும் விளைவு பெரிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கங்கிலிருந்து வரும் அனல், கெல்வின் கணக்கிலான வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. வெப்பநிலை பத்தில் ஒரு பங்கு ஏறினாலே அனல் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். சோளக்காரரின் நாலு வீச்சுக்கு அவ்வளவு பலன் கிடைப்பது இதனால்தான்.

கரி பிறக்கும் இடத்திலும் இதே கதைதான். தமிழ்நாட்டில் விற்கும் மரக்கரியில் பெரும்பங்கு ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கத்துச் சீமைக் கருவேலம். மெட்ராஸ் மாகாணத்தில் 1877-இல் வெளியிலிருந்து விதை தருவித்து நட்ட மரம் அது. பிற்பாடு வேரோடு பிடுங்கச் சொல்லி நீதிமன்றமே உத்தரவிட்டது. அந்த வறண்ட சீமையில் பல குடும்பங்களுக்கு இன்றும் சோறு போடுவதும் அதே மரம்தான். கட்டைகளை அடுக்கி, தழையும் வைக்கோலும் போர்த்தி, மேலே மண் பூசித் தீ வைக்கிறார்கள். இதற்கு மூட்டம் என்று பெயர். உள்ளே தீ சுடர்விடக் கூடாது, அணையவும் கூடாது. மண்ணில் எங்காவது வெடிப்பு விட்டுக் காற்று புகுந்தால் மரம் கரியாகாமல் சாம்பலாகிவிடும். அதனால் மூட்டம் போட்டவர் இரவு பகலாகச் சுற்றி வந்து ஓட்டைகளை அடைத்துக்கொண்டே இருப்பார். ஈரமும் பிசினும் புகையாகப் போனபின் மிஞ்சுவது பெரும்பாலும் கார்பன். நாலைந்து கிலோ விறகு போட்டால் ஒரு கிலோ கரி தேறும்.

நல்ல கரியைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும், உடைத்த இடம் மினுங்கும். பழுப்பு தெரிந்தால் அது சரியாக வேகாத கட்டை, கண்ணெரியப் புகையும். எங்கே வாங்குவது என்று தெரியாவிட்டால் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரைக் கேளுங்கள். கரிப்பெட்டி வைத்திருப்பவர் என்றால் எந்த விறகுத் தொட்டியில் நல்ல கரி வருகிறது என்பது அவருக்கு அத்துப்படி. கொட்டாங்கச்சிக் கரி இன்னும் அடர்த்தியானது, சாம்பல் குறைவு, சூடு நின்று எரியும். கடைகளில் பொட்டலமாக வரும் பிரிக்கெட் என்ற அச்சுக்கரி, கரித்தூளை மாவுப்பசை சேர்த்து அழுத்திச் செய்தது. 1920-களில் ஹென்றி ஃபோர்டு தன் கார்களுக்கு மரம் அறுத்த கழிவை வீணாக்க மனமில்லாமல் இதைச் செய்து, கார் விற்கும் கடைகளிலேயே விற்றார். ஒரே அளவில் இருப்பதால் சீராக எரியும். சாம்பல்தான் அதிகம்.

எது வாங்கினாலும் மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்ற வைக்க வேண்டாம், நாற்றம் சாப்பாட்டில் இறங்கும். அடியில் துளை போட்ட ஒரு உயரமான தகரக் குழாயில் கரியை நிரப்பி, கீழே இரண்டு வில்லை சூடமும் கொஞ்சம் தேங்காய் நாரும் வைத்துக் கொளுத்தினால் போதும். சூடான காற்று மேலே ஏற, கீழிருந்து புதுக் காற்று தானே உள்ளே வரும். கால் மணி, இருபது நிமிடத்தில் கரி நீறு பூத்து நிற்கும். அதுவே சமைக்கச் சரியான பதம்.

இப்போது சாமானுக்கு வருவோம். மூடியில்லாத திறந்த கிரில் நமக்குப் புதிதல்ல. கேஸ் வருவதற்கு முன் மயிலாப்பூர் வீடுகளில் அப்பளமும் கொத்சுக் கத்திரிக்காயும் சுட்ட குமுட்டி அடுப்பின் மேல் ஒரு வலையைப் போட்டால் அது கிரில்தான். வஞ்சிரத் துண்டு, இறால், கபாப், பனீர், சர்க்கரைவள்ளிக் கிழங்கு வில்லை என்று பத்துப் பதினைந்து நிமிடத்தில் வெந்துவிடும் எதற்கும் இதுவே போதும். நேர் அனலில் மேற்பரப்பு 140 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்து பழுப்பு நிறத்தையும் வாசனையையும் உண்டாக்குகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் மெய்யார் 1912-இல் விவரித்த வினை இது. ஒரு விஷயம் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும்: நன்றாகக் கனன்ற கரிக்குச் சொந்தமாக வாசனை அதிகம் கிடையாது. ‘கரி அடுப்பு ருசி’ என்று நாம் சொல்வது, கொழுப்பும் மசாலாச் சாறும் கங்கில் சொட்டிப் பொசுங்கி, ஆவியாக மேலே வந்து ஒட்டிக்கொள்வதில் கிடைப்பது. கொழுப்பு சொட்டிச் சுடர் எழுந்து கறுக்க விட்டால் உடம்புக்கு ஆகாத பொருள்களும் அதே வழியில் வந்து சேரும். சுடர் எழுந்தால் துண்டை நகர்த்திவிட வேண்டும்.

என்னைக் கேட்டால், கிரில் வாங்க ஆசைப்படுகிறவர்களில் பாதிப் பேருக்கு இதற்கு மேல் தேவையில்லை. இரும்புச் சாமான் கடையில் ஒரு குமுட்டியும் கம்பி வலையும் வாங்கினால் முடிந்தது. மிச்சப் பணத்துக்குக் குப்பத்தில் நல்ல சங்கராவாகப் பார்த்து வாங்கலாம்.

முழுக் கோழியோ ஆட்டுத் தொடையோ வேண்டுமென்றால்தான் சிக்கல். கனம் இரண்டு மடங்கானால் சூடு உள்ளே போய்ச் சேர நாலு மடங்கு நேரம் பிடிக்கும். அதற்குள் வெளித்தோல் கரிந்துவிடும். நேர் அனலை விட்டு விலக்கி, சூடான காற்றால் சுற்றிலும் வேகவைக்க வேண்டும். மூடி அவசியமாவது இந்த இடத்தில்தான். 1952-இல் சிகாகோவில் வெபர் பிரதர்ஸ் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், காற்றில் சாம்பல் பறந்து சாப்பாட்டைக் கெடுப்பது பொறுக்காமல், பட்டறையில் தயாராகிக்கொண்டிருந்த உலோக மிதவையைக் குறுக்கே அறுத்தார். கீழ்ப்பாதி சட்டி, மேல்பாதி மூடி. இன்று கெட்டில் கிரில் என்று எல்லா நிறுவனங்களும் செய்யும் உருண்டை வடிவம் அதிலிருந்து வந்தது. மிதவையில் பிறந்த சாமான் கடற்கரைக் காற்றுக்கு ஒத்துவருவது வேடிக்கைதான்.

இதில் கீழே ஒரு காற்றுத் துவாரம், மூடியில் ஒன்று. மேல் துவாரத்தைப் பெரும்பாலும் திறந்தே வைத்து, கீழ்த் துவாரத்தால் சூட்டைக் கூட்டிக் குறைப்பது வழக்கம். மேலே அடைத்தால் பழைய புகை உள்ளேயே சுற்றிக் கசக்கும். கரியை ஒரு பக்கம் குவித்து, கறியை மறு பக்கம் வைத்து மூடினால் அது அடுப்பு என்பதை விட ‘ஓவன்’ என்று சொல்லத்தக்கது. இவ்வளவும் மூடி சரியாக உட்கார்ந்தால்தான் நடக்கும். கடையிலேயே சோதிக்கலாம். கைபேசியின் டார்ச்சைப் போட்டு உள்ளே வைத்து, துவாரங்களை அடைத்து மூடுங்கள். விளிம்பைச் சுற்றி வெளிச்சம் வழிந்தால் அந்த வழியே காற்றும் போகும். மூடியில் இருக்கும் வெப்பமானியை அதிகம் நம்ப வேண்டாம். அது காட்டுவது மூடியின் உச்சியில் உள்ள சூட்டை, கறி இருக்கும் உயரத்தில் உள்ளதை அல்ல. 57 சென்டிமீட்டர் விட்டமுள்ள கெட்டில் ஒரு குடும்பத்துக்கும் விருந்தாளிகளுக்கும் தாராளம்.

ஸ்மோக்கர் என்பது மூடியுள்ள கிரிலின் பொறுமைசாலி உடன்பிறப்பு. 100 முதல் 130 டிகிரியில் மணிக்கணக்காக வேகவைப்பது அதன் வேலை. கடினமான கறியில் இருக்கும் கொலாஜன், உட்சூடு 70 டிகிரியைத் தாண்டிப் பல மணி நேரம் நின்றால் மெதுவாகக் கரைந்து ஜெலட்டினாகும். பாதி வழியில் வெப்பமானி நகராமல் சண்டித்தனம் செய்யும், சில சமயம் மணிக்கணக்கில். கறியின் மேற்பரப்பிலிருந்து ஈரம் ஆவியாகி அதைக் குளிர்விக்கிறது, மண்பானைத் தண்ணீர் குளிர்வது போல. பதறிக் கரியைக் கூட்டாமல் காத்திருக்க வேண்டும்.

புகை தருவது கரிக்கு மேல் வைக்கும் உலர்ந்த மரத்துண்டு. மரத்தின் லிக்னின் சிதைந்து குவாயக்கால், சிரிங்கால் போன்ற பொருள்கள் வருகின்றன. புகைவாசனை என்று மூக்கு அறிவது முக்கியமாக இவற்றைத்தான். கொய்யா, மா இரண்டும் நம் ஊரில் கிடைக்கும் நல்ல புகை மரங்கள். பெயின்ட் அடித்த மரமும் பிளைவுட்டும் கூடவே கூடாது. கனத்த வெள்ளைப் புகை கசப்பு. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீலம் பாரித்து வரும் மெல்லிய புகையே வேண்டியது. புகையூட்டுவது அமெரிக்க வித்தை என்று நினைப்பவர்கள் தூத்துக்குடியில் மாசிக் கருவாட்டை முகர்ந்து பார்க்கலாம். மினிக்காய்த் தீவில் சூரை மீனை உப்புநீரில் அவித்து, தேங்காய் மட்டை, ஓடு இவற்றின் புகையில் வாட்டி, வெயிலில் காயவைத்துச் செய்வது அது. அங்கே புகையின் வேலை ருசி மட்டுமல்ல. அதிலுள்ள பீனால்களும் அமிலங்களும் கெட்டுப்போகாமல் காக்கின்றன.

ஸ்மோக்கர்களில், பக்கவாட்டில் தீ எரிக்கும் பெட்டி வைத்த ஆஃப்செட் வகை நம் மாடிக்குச் சரிப்படாது. இடம் அடைக்கும், விறகு தின்னும், பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காக்க வேண்டும். நடுவில் தண்ணீர்த் தட்டு வைத்த நெட்டை உருளை வகை பரவாயில்லை. தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை சூடு எகிறாமல் அது தாங்கிப் பிடிக்கும். கமாடோ என்பது கனத்த பீங்கான் முட்டை. ஜப்பானில் சோறு வேகவைத்த அடுப்பை இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கச் சிப்பாய்கள் ஊருக்குக் கொண்டுபோக, 1974-இல் அட்லான்டாவில் எட் ஃபிஷர் தொடங்கிய நிறுவனம் அதைப் பிரபலமாக்கியது. தடித்த சுவர் சூட்டைப் பிடித்துவைப்பதால் ஒருமுறை நிரப்பிய கரி இரவு முழுக்கத் தாங்கும். துருப்பிடிக்காது. ஆனால் விலையும் எடையும் மிக அதிகம், லிப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு ஏற்றுவது பெரும்பாடு. முதல்முறை வாங்குபவருக்கு என் யோசனை கெட்டில்தான். ஓரத்தில் கொஞ்சம் கரி, ஒரு மரத்துண்டு, கறிக்கடியில் தண்ணீர்த் தட்டு, கீழ்த் துவாரம் விரல்கடை அளவு என்று வைத்தால் அதுவே ஸ்மோக்கராகும். ஸ்மோக்கரைக் கிரிலாக்குவது அவ்வளவு சுலபமில்லை.

பிறகு, உப்பு. திருவான்மியூர் வால்மீகி நகரிலோ கடலோரத் தெருக்களிலோ இருப்பவர்களுக்கு ஜன்னல் கம்பியும் ஏசியின் வெளிப்பெட்டியும் படும் பாடு தெரியும். உலோக அரிப்பையே ஆராயும் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்குப் பக்கத்துத் தரமணியில் ஒரு கிளை இருக்கிறது. அவ்வளவு பெரிய பிரச்சினை இது. ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்று எழுதியிருந்தால் போதாது, எந்த ரகம் என்று கேளுங்கள். 304 ஓரளவு தாங்கும், மாலிப்டினம் சேர்ந்த 316 உப்புக்கு இன்னும் நன்றாக ஈடுகொடுக்கும். காந்தம் ஒட்டினால் மலிவான 430 ஆக இருக்கலாம். ஒட்டாததாலேயே 304 என்று முடிவுகட்டவும் முடியாது, 202-ம் ஒட்டாது. எஃகின் மேல் கண்ணாடியை உருக்கி ஒட்டிய எனாமல் பூச்சு உப்பைச் சட்டை செய்யாது, அது உதிர்ந்த இடத்தில் மட்டும் துரு நுழையும். வாங்கும்போது விளிம்புகளையும் திருகாணித் துளைகளையும் பாருங்கள். வெல்டிங் பட்டறையில் பீப்பாயை அறுத்துச் செய்யச் சொல்கிறவர்கள், ரசாயனம் வந்த பீப்பாயையும் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டையும் தவிர்க்க வேண்டும். சூட்டில் துத்தநாகப் புகை ஆபத்து.

மாடியில் வைக்கும் இடமும் முக்கியம். கடற்காற்று மதியத்திலிருந்தே கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வீசும். புகை மேற்கே இருப்பவர் கொடியில் காயும் துணிக்குப் போகும். அவரிடம் முன்பே சொல்லிவிடுவது, முடிந்தால் ஒரு தட்டு அனுப்பிவைப்பது உசிதம். படிக்கட்டு அறையின் சுவர் மறைவில் வைத்தால் காற்று கீழ்த் துவாரத்தில் நேராக அடிக்காது. மழை வந்தாலும் அடுப்பை அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. கங்கு வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். 2024-இல் கொடைக்கானலில் விடுதி அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கிய இரண்டு பேர் எழுந்திருக்கவே இல்லை.

சமைத்து முடிந்ததும் இரண்டு துவாரங்களையும் அடைத்து மூடினால் கரி மூச்சடங்கி அணையும், மிச்சத்தை அடுத்த முறை பயன்படுத்தலாம். மறுநாள் கைபொறுக்கும் சூடு ஆனதும் சாம்பலை வழித்து எறிந்துவிடுங்கள். சாம்பல் ஈரத்தை உறிஞ்சிக் காரமாகி, உலோகத்தை அரிக்கத் தொடங்கும். ஐப்பசி மழையில் அதை உள்ளேயே விட்டு, மேலே தார்ப்பாயையும் போட்டு இறுக்கிக் கட்டிவைத்தால், தை மாதம் பிரிக்கும்போது அடித்தட்டு இருக்குமா என்பது சந்தேகம்தான்.