ஒரு நிமிடத்தில் எத்தனை சொல்? தலைக்காயத்துக்குப் பின் சொற்சரளம்

ஆசிரியர்களே, தேர்வெழுதும் மாணவர்களே,

நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். தலையில் அடிபட்டுப் பிழைத்து, சுங்கை பூலோ மருத்துவமனை போன்ற ஓரிடத்திலிருந்து வீடு திரும்பும் மாணவன் நன்றாகத்தான் பேசுவான். கட்டுரை எழுதச் சொன்னால் முதல் பத்தியிலேயே நின்றுவிடலாம். 'சோம்பேறி'னு சொல்லிடுவோம். சோம்பலா, காயமா? இதை அறிய மருத்துவக் குழு பயன்படுத்தும் சோதனைகளில் ஒன்று சொற்சரளம்.

சோதனை எப்படி?

ஒரு நிமிடம் தருவார்கள். ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்வது எழுத்துச் சரளம். விலங்குகளின் பெயர்களைச் சொல்வது வகைச் சரளம். எழுத்துச் சரளத்தில் ஆட்பெயர், ஊர்ப்பெயர் சேராது. 'படித்தான், படித்தாள்' என விகுதி மாற்றினாலும் ஒரே சொல்தான்.

ஆங்கிலத்தில் எஃப், ஏ, எஸ் எழுத்துகள் வழக்கம். தமிழில் எல்லா எழுத்தும் சரிவராது. ட, ண, ள, ற ஆகியவற்றில் தமிழ்ச்சொல் தொடங்குவதில்லை என்பது நமக்குத் தெரிந்த இலக்கணம். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2004-இல் வெளியிட்ட சோதனைத் தொகுப்பு க, ப, ம எழுத்துகளைப் பயன்படுத்துகிறது. 'க' மட்டுமா, கா, கி, கு வரிசையும் சேருமா என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் எண்ணிக்கையை ஒப்பிட முடியாது.

என்ன தெரிகிறது?

சொல்வளம் மட்டுமல்ல. ஆடு, மாடு, எருமை என்று வீட்டு விலங்குகள் தீர்ந்ததும் புலி, சிங்கம், யானை என்று காட்டுக்குத் தாவ வேண்டும். சொன்னதை நினைவில் வைக்க வேண்டும். விதிக்குப் புறம்பான சொல்லை அடக்க வேண்டும். இதுவே செயலாட்சித் திறன். இதில் மூளையின் முன்மடலுக்குப் பெரும் பங்குண்டு. விபத்தில் அடிக்கடி அடிபடுவதும் அதுதான். 'ஆடு, மாடு, ஆடு' என்று சுற்றிச்சுற்றி வருகிறானா என்பதையும் பார்ப்பார்கள். கட்டுரையிலும் அதே வேலைதானே? ஒரு கருத்து முடிந்ததும் அடுத்ததற்குத் தாவ வேண்டும்.

ஓர் எண்ணை வைத்து மட்டும் முடிவு கட்டக்கூடாது. வயது, படிப்பு, மொழி எல்லாம் சேரும். 'பூனை'க்குப் பதில் 'கூச்சிங்' என்றால் அது நம்ம பிள்ளைகளின் இருமொழிப் பழக்கம், காயம் இல்லை.

நாம் என்ன செய்யலாம்?

வகுப்பில் நாமே சோதித்துத் தீர்ப்பு சொல்ல வேண்டாம். அது உளவியலாளர், பேச்சு சிகிச்சையாளர் வேலை. விபத்துக்கு முந்திய கட்டுரை ஒன்று, பிந்தியது ஒன்று எடுத்து, கவனித்ததைத் தேதியோடு எழுதிப் பெற்றோரிடம் கொடுங்கள், மருத்துவருக்கு உதவும். கட்டுரைக்கு முன் குறிப்புச் சட்டகம் கொடுங்கள். எஸ்.பி.எம். எழுதுபவர் என்றால், மருத்துவ அறிக்கையோடு பள்ளி வழியாகக் கூடுதல் நேரம் கேட்க முன்கூட்டியே விசாரியுங்கள்.

மாணவர்களே, நண்பன் சொல்லுக்குத் தடுமாறினால் உடனே எடுத்துக் கொடுக்காதீங்க. கொஞ்சம் பொறுங்க, அவனே கண்டுபிடிக்கட்டும்.