நரம்பியல் அறுவை மருத்துவத்தில் பாவனைப் பயிற்சி: நீலகிரியை முன்வைத்து

முன்னுரை

தலையில் அடிபட்டவர் சிறிது நேரம் தெளிவாகப் பேசிவிட்டுப் பின்னர் நினைவிழப்பதுண்டு. மண்டையோட்டுக்கும் டியூரா எனும் மூளையின் வெளியுறைக்கும் இடையே தேங்கும் இரத்தம் மூளையை அழுத்துவது இதற்கொரு முக்கியக் காரணமாகும். அவ்விரத்தத்தை விரைந்து வெளியேற்றினால் நோயாளி பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. உதகையிலிருந்து கோயம்புத்தூர் ஏறத்தாழ 85 கி.மீ. தொலைவில் உள்ளது, இடையிலுள்ள மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கூடலூர்த் தேயிலைத் தோட்டங்களிலிருந்து உதகையை அடைவதற்கே சுமார் 50 கி.மீ. கடக்க வேண்டும். இத்தகைய நிலப்பகுதியில் சிமுலேஷன் எனப்படும் பாவனைப் பயிற்சி பெறும் இன்றியமையாமையை இக்கட்டுரை விளக்குகிறது.

மரபுவழிப் பயிற்சி

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி 1949-இலும், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தி 1950-இலும் நரம்பியல் அறுவைப் பிரிவுகளைத் தொடங்கினர். மூத்த மருத்துவரின் அருகில் நின்று கற்பதே மரபுவழிப் பயிற்சியின் அடிப்படை. இம்முறையில் வரும் நோயாளியே பாடமாவதால், அரிதாக நேரும் நிலையைக் கற்கும் வாய்ப்பும் அரிதாகிறது.

பாவனைப் பயிற்சியின் வகைகள்

மண்டையோடு கெட்டியான வெளித்தகடு, பஞ்சு போன்ற நடுப்பகுதி, கெட்டியான உள்தகடு என மூன்று அடுக்குகளால் ஆனது. கைத்துளைப்பான் உள்தகட்டை அடைந்ததும் அழுத்தத்தைக் குறைத்தல் வேண்டும். தவறினால் கருவி மூளைக்குள் பாயும். இந்த உணர்வை நூல் கற்பிக்க இயலாது. ஆட்டுத்தலையிலோ முப்பரிமாண அச்சு மாதிரியிலோ பன்முறை துளையிட்ட கை அதனை அறியும். கோழி இறக்கையின் சுமார் 1 மி.மீ. விட்டமுள்ள தமனியை, முடியினும் நுண்ணிய இழையால் தைப்பது குருதிக்குழாய் இணைப்புக்கான எளிய பயிற்சியாகும். புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் இத்தகைய பயிற்சிக்கெனத் தனிப் பள்ளியை நடத்துகிறது. கனடாவின் ஹாலிஃபாக்ஸில் 2009-இல் நோயாளி ஒருவரின் மூளைக்கட்டியை மெய்நிகர் கருவியில் ஒத்திகை பார்த்த பின்னர் அறுவை செய்யப்பட்டது.

வரம்புகள்

மாதிரியில் மூளை வீங்குவதில்லை. உயிருள்ள உடலைப் போல் குருதி பெருகுவதுமில்லை. எனவே பாவனைப் பயிற்சி அறுவை அரங்கிற்கு மாற்றன்று; அரங்கினுள் நுழைவதற்கான ஆயத்தமே.

முடிவுரை

2022 ஜனவரி 12-இல் தமிழகத்தில் தொடங்கி வைக்கப்பெற்ற 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் உதகைக் கல்லூரியும் ஒன்று. விலையுயர்ந்த மெய்நிகர் கருவிக்குக் காத்திராமல், துளைப்பானும் ஆட்டுத்தலையும் கொண்டே இத்தகைய கல்லூரிகள் பயிற்சியைத் தொடங்கலாம். மலைப்பகுதியின் பொது அறுவை மருத்துவர்களுக்கும் அதை வழங்கினால், நரம்பியல் வல்லுநரின் தொலைபேசி வழிகாட்டலுடன் உயிர்காக்கும் முதல் துளையை அவர்களே இட இயலும். அந்தத் துளை அவர்கள் வாழ்வில் இடும் முதல் துளையாக இருத்தல் கூடாது என்பதே பாவனைப் பயிற்சியின் நோக்கம்.