மறக்கச் சொல்லியும் நெருக்க வேண்டாம், பேசச் சொல்லியும் நெருக்க வேண்டாம்

போரால் பாதிக்கப்பட்ட பெண்ணிடம் இரண்டு கட்டளைகள் வந்து சேருகின்றன. வீட்டார் சொல்வது ஒன்று: "அதையே நெனச்சிக்கிட்டு இருக்காத, மறந்துட்டு வேலயப் பாரு." குறிப்புப் புத்தகத்தோடு வெளியிலிருந்து வருவோர் சொல்வது மற்றது: "என்ன நடந்தது என்று முழுவதையும் சொல்லுங்கள்." இரு தரப்பாரும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அவளுக்கு எது விருப்பம் என்று யாரும் கேட்பதில்லை.

மனவடு பற்றி உலகெங்கும் எமது நாட்டிலும் நடந்த ஆய்வுகள் இவ்விரண்டு கட்டளைகளையும் கேள்விக்கு உட்படுத்துகின்றன. அந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன, எமது அன்றாட வாழ்வில் அவற்றை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதைப் பார்ப்போம்.

மனவடு என்பது என்ன?

உயிருக்கு ஆபத்தான நிகழ்வொன்றில் அகப்பட்டவரின் உடலும் மனமும் தற்காப்புக்குத் தயாராகின்றன. நெஞ்சு படபடக்கிறது, கை கால் நடுங்குகிறது, கண்ணும் காதும் கூர்மையடைகின்றன. ஆபத்து நீங்கியதும் இவை மெல்ல அடங்க வேண்டும். சிலருக்கு மட்டும் அடங்குவதில்லை. மூளையின் ஆபத்து மணி மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அடித்துக்கொண்டே இருக்கிறது. நடந்து முடிந்த சம்பவம் இப்போதுதான் நடப்பதுபோல மனதில் வந்து நிற்கிறது.

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் நிலையும், பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்கள் பற்றிய ஆய்வுகளும் இந்த நிலைமையை மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தன. 1980 இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் இதை ஒரு நோயாக ஏற்றுக்கொண்டது. தமிழில் நாம் இதனை 'நெருக்கீட்டிற்குப் பிற்பட்ட மனவடு நோய்' என்கிறோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர் நடந்துகொண்டிருந்த 1993 ஆம் ஆண்டிலேயே 'மனவடு' என்ற நூலைத் தமிழில் எழுதி வெளியிட்டார்.

இந்நோயின் அறிகுறிகளை மூன்றாக வகுத்துப் பார்க்கலாம். முதலாவது, சம்பவம் கெட்ட கனவாகவும் திடீர் நினைவாகவும் திரும்பத் திரும்ப வருதல். இரண்டாவது, அதை நினைவூட்டும் இடம், ஆட்கள், பேச்சு ஆகியவற்றை விட்டு விலகுதலும் உணர்ச்சி மரத்துப் போதலும். மூன்றாவது, நித்திரையின்மை, சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுதல், எரிந்து விழுதல். இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வேலைகளைக் குழப்பினால் உதவி தேட வேண்டும். தீபாவளி வெடிச் சத்தம், கல்லுடைக்கும் ஓசை, சிவனொளிபாதமலைப் பருவகாலத்தில் நல்லதண்ணியில் திரளும் சனக்கூட்டம் ஆகியவை மற்றவர்களுக்குச் சாதாரணமாக இருக்கலாம். மனவடு உள்ளவருக்கு அவற்றில் ஒன்றே போதும், பழைய நாளுக்குள் போய் விழுவதற்கு. இது பைத்தியமும் அல்ல, பாவத்தின் பலனும் அல்ல.

மலையகத்திலும் உண்டு இந்த வடு

போர் வடக்கு கிழக்கில்தானே நடந்தது, தேயிலை மலைகளில் மனவடு எங்கிருந்து வந்தது என்று சிலர் கேட்கலாம். 1970களின் பஞ்சமும், 1977 ஆம் ஆண்டின் இன வன்செயலும் தோட்டத்து மக்களை ஆயிரக்கணக்கில் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களுக்குத் துரத்தின. காந்தீயம் போன்ற அமைப்புகள் அவர்களை அங்கே குடியமர்த்தின. 1983 ஜூலைக்குப் பின்னர் மேலும் பலர் போனார்கள். காடு வெட்டிக் களனியாக்கிய அம்மக்கள் பின்னர் போரின் நடுவிலே அகப்பட்டார்கள். 2009 இல் வன்னியில் நடந்த இறுதிப் போரில் செத்தவர்களிலும், காணாமல் போனவர்களிலும், முகாமில் கிடந்தவர்களிலும் மலையகத்து வேர்கொண்ட குடும்பங்கள் இருந்தன.

மலையகத்திலே இருந்தவர்களும் தப்பவில்லை. சந்தேகத்தின் பேரில் பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகளுக்காகப் பொலிஸ் நிலையங்களின் வாசலில் காத்துக் கிடந்த தாய்மார் பலர். 2000 ஆம் ஆண்டு ஒக்டோபர் 25 ஆம் திகதி பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் தமிழ் இளைஞர்கள் 20 பேருக்கும் மேற்பட்டோர் கும்பலொன்றினால் கொல்லப்பட்டனர். அதன் பின்னர் தோட்டங்களில் பரவிய பீதியை வயதில் மூத்தவர்கள் இன்றும் மறக்கவில்லை. வன்னியிலிருந்து உறவினரைத் தேடி வந்து லயத்து அறையொன்றில் ஒண்டியிருந்த பெண்ணும், லயத்திலேயே பிறந்து கலவரத்தைக் கண்ட பெண்ணும் ஒரே மலையில் கொழுந்தெடுக்கிறார்கள். ஒருவர் கதையை மற்றவர் கேட்டிருப்பது அபூர்வம்.

எல்லோருக்கும் வருமா?

வராது. போர் முடிந்த சில மாதங்களில், 2009 நடுப்பகுதியில், யாழ்ப்பாண மாவட்டத்தில் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. 1,400 பேருக்கும் மேற்பட்டவர்களிடம் தகவல் பெறப்பட்டு 2011 இல் முடிவுகள் வெளியாகின. மனவடு நோயின் அறிகுறிகள் 7 வீதமானோரிடமும், மனச்சோர்வின் அறிகுறிகள் 22.2 வீதமானோரிடமும், பதகளிப்பின் அறிகுறிகள் 32.6 வீதமானோரிடமும் காணப்பட்டன. அப்போது இடம்பெயர்ந்த நிலையில் இருந்தவர்களிடையே இவை முறையே 13, 41.8, 48.5 வீதமாக உயர்ந்திருந்தன. அவர்கள் கூடுதலான கொடுமைகளைக் கடந்து வந்தவர்கள் என்பதே இவ்வேறுபாட்டுக்கு முக்கிய காரணம் என ஆய்வாளர்கள் கண்டார்கள். அதாவது ஒருவர் பட்ட அடிகளின் எண்ணிக்கை கூடக்கூடப் பாதிப்பும் கூடுகிறது. பக்கத்து வீட்டுப் பெண் தேறிவிட்டாள், நான் மட்டும் ஏன் இப்படி இருக்கிறேன் என்று எவரும் தம்மைத் தாமே நொந்துகொள்ள வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். மனவடு நோயைவிட மனச்சோர்வும் பதகளிப்புமே அதிகம். எதிலும் பிடிப்பின்மை, அழுகை, பசியின்மை, ஓயாத பயம், காரணம் தெரியாத உடல் வலி என்பனவும் போரின் விளைவாக இருக்கக்கூடும். தோட்ட மருந்தகத்தில் வருடக்கணக்காகத் தலைவலிக்கும் நெஞ்சு எரிவுக்கும் குளிசை வாங்குகிற பெண்ணிடம் "இரவில் நித்திரை வருகிறதா?" என்று யாராவது கேட்டிருந்தால் உண்மை முன்னரே தெரியவந்திருக்கும்.

மௌனத்தின் விலை

"மறந்துவிடு" என்பது ஏன் உதவுவதில்லை? நினைவை விட்டு ஓட ஓட, அது ஆபத்தானது என்றே மூளை மேலும் நம்புகிறது. அந்தப் பாதையால் போகாமல், அந்தப் பேச்சை எடுக்காமல், அந்தச் சேலையை உடுக்காமல் இருக்கும்போது அப்போதைக்கு ஆறுதல் கிடைக்கிறது. ஆனால் வாழ்க்கையின் எல்லை வருடா வருடம் சுருங்கிப் போகிறது.

மௌனம் தனியாள் விடயமும் அல்ல. சோமசுந்தரம் 2007 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நீண்ட போர் சமூகத்தையே காயப்படுத்துகிறது என்று காட்டினார். மக்கள் வாய்மூடியவர்களாகவும், பிறரை நம்பாதவர்களாகவும், பிறரில் தங்கியிருப்பவர்களாகவும் மாறியதை அவர் பதிவு செய்தார். இதனை அவர் கூட்டு மனவடு என்று அழைத்தார்.

பேச முடியாத காலத்திலும் மக்கள் வழி தேடினார்கள். 1990களில் மட்டக்களப்பில் ஆய்வு செய்த மானிடவியலாளர் பற்றிசியா லோறன்ஸ், அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்லும் பெண்களிடம் காணாமல் போனோரின் தாய்மார் திரண்டதை எழுதியிருக்கிறார். வெளியில் சொல்லப் பயந்த துயரத்தை அங்கே சொல்லி அழ முடிந்தது. தெய்வ வாக்கில் நம்பிக்கை உள்ளவரும் இல்லாதவரும் இதில் ஒன்றைக் காணலாம். துயரத்தைக் கேட்பதற்கு ஓர் இடம் அவர்களுக்குத் தேவைப்பட்டது.

நெருக்கிப் பேச வைத்தால்?

அப்படியானால் எல்லோரையும் இருத்திவைத்து உடனே பேச வைக்கலாமே? ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணினார்கள். அனர்த்தம் நடந்த கையோடு ஒரே அமர்வில் முழுவதையும் சொல்லவைக்கும் முறை பல நாடுகளில் பரவியது. 1997 இல் பிரித்தானியாவில் தீக்காயம் பட்டவர்களிடையே நடந்த ஆய்வு இந்த எண்ணத்தை ஆட்டங்காண வைத்தது. பதின்மூன்று மாதங்களின் பின்னர் பார்த்தபோது, அப்படிப் பேசவைக்கப்பட்டவர்களில் 26 வீதமானோருக்கு மனவடு நோய் இருந்தது. பேசவைக்கப்படாதவர்களில் 9 வீதமானோருக்கே இருந்தது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த வல்லுநர்களும் இம்முறையால் நன்மை இல்லை என்ற முடிவுக்கே வந்தார்கள்.

காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. காயத்தைத் திறந்துவிட்டு, துப்புரவாக்கி மருந்து கட்டாமல் எழுந்து போவதைப் போன்றது இது. போரின் பின் எமது பெண்களிடம் கதை கேட்கப் பலர் வந்தார்கள். கேட்டுவிட்டுப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பதைச் சகோதரிகள் அறிவார்கள். "இப்போது சொல்ல விருப்பமில்லை" என்று எவரிடமும் கூற உங்களுக்கு உரிமை உண்டு. அதனால் எந்த உதவியும் நிறுத்தப்படக்கூடாது.

பயன்தரும் சிகிச்சைகள்

முறையாகப் பேசுவது இதிலிருந்து வேறுபட்டது. ஜேர்மனியின் கொன்ஸ்தான்ஸ் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய 'வாழ்க்கைக் கதை' முறையில், பயிற்சி பெற்ற ஒருவர் பாதிக்கப்பட்டவரோடு பல அமர்வுகள் இருக்கிறார். கயிறொன்று பிறப்பிலிருந்து இன்றுவரையான வாழ்வைக் குறிக்கும். நல்ல நிகழ்வுக்குப் பூவும் கொடிய நிகழ்வுக்குக் கல்லும் அதன்மேல் வைக்கப்படும். பின்னர் ஒவ்வொன்றாக, நிதானமாக, முதலிலிருந்து முடிவு வரை சொல்லி எழுதப்படுகிறது. சிதறிக் கிடந்த நினைவுகள் இடமும் காலமும் பெறுகின்றன. 'இது அன்று நடந்தது, இன்று நடக்கவில்லை' என்று மனம் உணரத் தொடங்குகிறது.

உகண்டாவில் அகதிகளாக வாழ்ந்த 43 சூடானியரிடையே இம்முறை பரிசோதிக்கப்பட்டது. ஒரு வருடத்தின் பின்னர் இச்சிகிச்சை பெற்றவர்களில் 29 வீதமானோருக்கே நோய் எஞ்சியிருந்தது. சாதாரண ஆறுதல் ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் அது 79 வீதம்.

எமது நாட்டிலும் ஆழிப்பேரலைக்குப் பின்னர் வடகிழக்கில், போரையும் கடலையும் ஒருசேரக் கண்ட 31 பிள்ளைகளுடன் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்கு வாழ்க்கைக் கதை முறையும், மறு பகுதியினருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் ஆறு அமர்வுகளில் வழங்கப்பட்டன. பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளர்களே இதைச் செய்தார்கள். ஆறு மாதங்களின் பின்னர் முதற் பகுதியில் 81 வீதமானோரும், மற்றதில் 71 வீதமானோரும் குணமடைந்திருந்தனர். சிறிய ஆய்வுதான். ஆனாலும் பேச விரும்பாதவருக்கும் வழி இருக்கக்கூடும் என்ற நம்பிக்கையை இது தருகிறது. மூச்சை மெதுவாக இழுத்து அதைவிட மெதுவாக விடுவது, தசைகளை இறுக்கித் தளர்த்துவது, சாந்தமாக உட்கார்ந்து மந்திரமோ ஜெபமோ சொல்வது எல்லாம் எமக்குப் பழக்கமானவைதாம்.

மருந்து பற்றியும் ஒரு வார்த்தை. அதிர்ச்சிக்குப் பின்னர் நித்திரைக் குளிசையையும் பயத்தை அடக்கும் குளிசையையும் கொடுத்துச் சமாளிப்பதை உலக சுகாதார நிறுவனம் 2013 இல் வெளியிட்ட வழிகாட்டி ஆதரிக்கவில்லை. அவை பழக்கமாகிவிடக் கூடியவை. கடுமையான மனச்சோர்வு போன்றவற்றுக்கு வைத்தியர் தரும் மருந்து வேறு. எதையும் வைத்தியரைக் கேளாமல் தொடங்கவும் வேண்டாம், திடீரென நிறுத்தவும் வேண்டாம்.

இன்றைய பாரமும் சேர்கிறது

பழையதை மட்டும் சிகிச்சை செய்தால் போதாது. போரும் ஆழிப்பேரலையும் கண்ட இலங்கை இளையோரிடையே 2010 இல் வெளியான ஆய்வு, வறுமை, வீட்டு வன்முறை போன்ற அன்றாட நெருக்கடிகளும் மனநலத்தைப் பெரிதும் பாதிப்பதைக் காட்டியது. குடித்துவிட்டு அடிக்கும் கணவனோடு ஓர் அறையில் வாழும் பெண்ணின் ஆபத்து மணி எப்படி ஓயும்? அவளுக்குப் பாதுகாப்பும் சம்பளமும் கூரையும் சிகிச்சையின் பகுதிகளே.

காணாமல் போனோரின் குடும்பங்களின் நிலை இன்னும் வேறு. இறந்தார் என்று அழவும் முடியாது, வருவார் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. போலின் பொஸ் என்ற அமெரிக்க அறிஞர் இதனை முடிவு தெரியாத இழப்பு என்றார். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் வீதியோரத்தில் அமர்ந்த தாய்மார் கேட்டது பதிலைத்தான். அவர்களிடம் 'மறந்துவிடுங்கள்' என்பது சிகிச்சை ஆகாது.

நாம் செய்யக்கூடியவை

* துயரப்பட்டவர் பேச முன்வந்தால் குறுக்கிடாமல் கேளுங்கள். "ஐயோ, அதை விடு" என்று கதையை மாற்ற வேண்டாம். பேசாவிட்டால் பக்கத்தில் இருங்கள், துருவிக் கேட்க வேண்டாம்.
* கேட்டதைத் தண்ணீர்ப் பீலியடிக்கும் மலைக்கும் கொண்டுபோக வேண்டாம். ஒருமுறை வெளியே போன இரகசியம் அவர் வாயை என்றென்றைக்கும் அடைத்துவிடும்.
* பழைய நினைவு வந்து அவர் உறைந்து நின்றால், பெயர் சொல்லி மெதுவாக அழையுங்கள். அனுமதி கேளாமல் தொட வேண்டாம். இன்று என்ன நாள், எங்கே இருக்கிறோம், கண்முன் என்னென்ன தெரிகிறது என்று சொல்லச் சொல்லுங்கள்.
* அறிகுறிகள் நீடித்தால் அரசாங்க வைத்தியசாலையில் மனநலப் பிரிவு பற்றி விசாரியுங்கள். முதல் நாள் கூடப் போங்கள்.
* "சாகலாம் போல இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் அதை விளையாட்டாக எடுக்க வேண்டாம். தனியே விடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் 1926. பெண்கள் மீதான வன்முறைக்கு உதவி கோரும் இலக்கம் 1938.

சகோதரிகளே, உங்களுக்கு நடந்தது உங்களுடைய கதை. அதை எப்போது சொல்வது, யாரிடம் சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதை நீங்களே தீர்மானியுங்கள். போர் உங்களிடம் எதையும் கேட்டுச் செய்யவில்லை. குணமாக்க வருகிறவர்களாவது உங்களைக் கேட்டுச் செய்யட்டும்.